முப்பத்தேழாவது ஊசி

கடைசிப் பித்தான் மட்டும் காஜாவுக்குள் போக மறுத்தது. அண்ணன் கட்டிலில் ஏறி உட்கார்ந்து அப்பாவின் முதுகைத் தன் மார்போடு சாய்த்துப் பிடித்திருந்தான். சீக்கிரம் போடு, கை வழுக்குது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டான். பெட்டியில் மடித்து வைத்திருந்த நல்ல சட்டை அது. போன வருஷம் சரியாக இருந்தது. இப்போது கழுத்தைச் சுற்றி இன்னொரு கழுத்துக்கு இடம் இருந்தது. காஜாவின் நூல் பிரிந்து ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது. ஊக்கு குத்திவிடலாம் என்று அவள் தன் மேல்சட்டைப் பைக்குள் கையை விட்டாள்.

கையில் வந்தது ஊக்கு இல்லை. ஒரு மூடி.

தரை கழுவும் மருந்துப் புட்டியின் பெரிய வெள்ளை மூடி. தலையில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரு பெருக்கல் குறி. கோடு ஒன்று நீளம், ஒன்று குட்டை. கை நடுங்க ஆரம்பித்த பிறகு அப்பா போட்ட குறி.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் அப்பாவை மெல்லத் தலையணையில் இறக்கினான்.

"என்னது?"

அவள் பைக்குள் மறுபடி கையை விட்டாள். சுருண்டு போன பழுப்பு ஒட்டுநாடா ஒரு துண்டு வந்தது. அவ்வளவுதான். புட்டி எங்கே போயிருக்கும் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

காலையில் அப்பாவை எழுப்பப் போனவள் அவள்தான். ஆறரை மணி இருக்கும். பக்கத்துத் தெருவிலிருந்து அத்தை வந்து, அண்ணன் வந்து, டாக்டர் வந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போன பிறகு, ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள், இந்த அறையைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்து என்று அத்தை சொன்னாள். கட்டிலைச் சுற்றி ஆறு வருஷத்து நோய் கிடந்தது. மாத்திரை அட்டைகள், பஞ்சு, களிம்புக் குழாய்கள், பழைய செய்தித்தாள், புட்டிகள். அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். என்ன எடுத்தாள், எங்கே வைத்தாள் என்று இப்போது யோசித்தால் ஒன்றும் நினைவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது அப்பாவின் காலை. போர்வைக்கு வெளியே ஒரு பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. வேலையைச் செய்தது கைதான்.

அந்தக் கைக்கு வேறு வேலை தெரியாது. பதினோரு வருஷமாக அவள் ஊர்க் குப்பையைப் பிரிக்கும் ஷெட்டில் இருக்கிறாள். வீடுகளிலிருந்து ஈரமில்லாத குப்பை நீல மூட்டைகளில் வரும். கடைகளிலிருந்து அட்டையும் தகரமும் தனி லாரியில் வரும். எல்லாம் ஓடும் பெல்ட்டில் கொட்டப்படும். அதன் இரு பக்கமும் பெண்கள் நின்று பொறுக்குவார்கள். அவள் இடம் புட்டிப் பக்கம். புட்டி கைக்கு வந்தால் ஒட்டியிருப்பதை உரிக்க வேண்டும், மூடியைத் திருக வேண்டும், கவிழ்த்து உதறிக் கூண்டில் போட வேண்டும். மூடி வேறு பிளாஸ்டிக், புட்டி வேறு பிளாஸ்டிக். சேர்ந்து போனால் வாங்குகிறவன் லோடையே திருப்பி அனுப்புவான். அதனால் மூடி ஏப்ரன் பைக்குள் போகும். இதற்கெல்லாம் மூளை தேவைப்படுவதில்லை. அவள் தூக்கத்தில் கையைத் திருகுகிறாள் என்று அப்பாவே கேலி செய்திருக்கிறார்.

இன்று காலை அந்தக் கை அப்பாவின் புட்டியை எடுத்து, சுற்றியிருந்த ஒட்டுநாடாவை உரித்து, மூடியைத் திருகிப் பைக்குள் போட்டிருக்கிறது. கவிழ்த்து உதறுவதற்குள் அத்தை கூப்பிட்டிருக்க வேண்டும். நாற்காலி எங்கே இருக்கிறது என்று கேட்டாள் இல்லையா, அப்போதுதான். புட்டி அப்படியே நீல மூட்டைக்குள் போயிருக்கிறது. ஒன்பதரைக்குத் தெருவில் வண்டியின் மணி அடித்தது. மூட்டையைக் கட்டி வெளியே வைத்தவளும் அவள்தான்.

புட்டிக்குள் இருந்தது அப்பாவுக்குப் போட்ட இன்சுலின் ஊசிகள். இந்த மாதம் பிறந்ததிலிருந்து போட்டவை.

அவள் மூடியை அண்ணனிடம் காட்டி விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போது குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அவனும் முதலில் சாதாரணமாகத்தான் கேட்டான். போன் பண்ணிச் சொல்லிவிடு என்றான்.

வாசலுக்கு வந்து போன் செய்தாள். வந்திருந்தவர்கள் பேச்சைக் குறைத்தார்கள். ஷெட்டில் பெண்களின் போன் எல்லாம் பெட்டிக்குள் பூட்டியிருக்கும். சூப்பர்வைசரிடம் மட்டும்தான் போன் உண்டு. எதற்கெடுத்தாலும் விசில் ஊதுகிறவர் என்பதால் அவருக்குப் பெயரே விசில். அவர் முதலில் துக்கம் விசாரித்தார். நல்ல மனுஷன், என்னை ஒரு நாளும் நிம்மதியாக விட்டதில்லை என்றார். பிறகு அவள் சொன்னதைக் கடைசிவரை கேட்டார்.

"நீல மூட்டை நானூறு கெடக்கும்மா. எல்லாம் ஒரே மூஞ்சி. எதுன்னு கண்டுபிடிக்கறது? உங்க ஏரியா லோடு சாப்பாட்டுக்கு அப்புறம்தான் ஏறும். பாத்து எடுக்கச் சொல்றேன். நீ இத மனசுல போட்டுக்காத."

போனை வைத்துவிட்டு அவள் நின்றாள். பார்த்து எடுக்கச் சொல்வது. பெல்ட்டில் யாரும் பார்த்து எடுப்பதில்லை. கண் அடுத்த பொருளுக்குப் போயிருக்கும்போதுதான் கை இந்தப் பொருளில் இருக்கும். அப்படி இல்லாவிட்டால் குப்பை ஓடிப்போய்விடும்.

அவளுக்கு அது நடந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஒரு பல் மருத்துவமனையின் அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து ஊசி ஒன்று கையுறையைத் தாண்டி விரலில் இறங்கியது. ஒரு துளி ரத்தம்தான். அதற்குப் பிறகு ஆறு மாதம் ரத்தப் பரிசோதனை. ஒவ்வொரு தடவையும் முடிவு வரும்வரை அவள் தன் தட்டையும் டம்ளரையும் தனியாகக் கழுவி வைத்தாள். பேசி முடித்திருந்த ஒரு கல்யாணம் அந்த ஆறு மாதத்தில் தானாகக் கரைந்து போனது. கடைசியில் ஒன்றும் இல்லை என்று வந்தது. அந்தத் தாளை அவள் இரண்டு நாள் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

கடைத்தெருக் குப்பை லாரியை அப்போது ஓட்டிக்கொண்டிருந்தவர் அப்பா. ஊசி குத்திய மறுநாள் காலை அந்த மருத்துவமனையின் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் மேஜை மேலேயே வைத்துவிட்டு, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பல்வலிக்காரர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். டாக்டர் வந்தபோது, "உங்க வீட்டுப் பொண்ணக் கூப்பிட்டு இதுக்குள்ள கைய விடச் சொல்லுங்க. நான் எந்திரிச்சுப் போயிடறேன்" என்றாராம். டாக்டர் பெட்டியைத் தானே எடுத்து உள்ளே வைத்தார். அதற்கப்புறம் கடைத்தெருவில் அப்பாவுக்கு ஒரு பயம் கலந்த மரியாதை. உடைந்த கண்ணாடி கலந்திருந்தால் மூட்டையைக் கடைப்படியிலேயே திருப்பி வைத்துவிடுவார். அண்ணன் சமையல்காரனாக இருக்கும் ஓட்டலின் மூட்டையையும் ஒருமுறை அப்படித் திருப்பி வைத்தார். அப்பனும் பிள்ளையும் மூன்று நாள் பேசிக்கொள்ளவில்லை.

சர்க்கரை வந்து, லாரியை விட்டு இறங்கி, ஊசி போட ஆரம்பித்த முதல் நாளே அவர் கேட்டது ஒரு தடித்த புட்டி. மூடியில் குறியைத் தானே போட்டார். ஒவ்வொரு தடவை ஊசி உள்ளே போன பிறகும் மூடியைச் சுற்றி ஒட்டுநாடா. மாதம் பிறந்த முதல் தேதி அவள் அதைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் அவர்களுடைய மஞ்சள் தொட்டியில் போட்டுவிட்டுப் புதுப் புட்டியோடு ஆரம்பிக்க வேண்டும். ஆறு வருஷத்தில் ஒரு ஊசிகூட ஷெட்டுப் பக்கம் போனதில்லை. தான் செய்ததில் அவர் வெளியே சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டது இது ஒன்றைத்தான்.

உள்ளே போய் அத்தையிடம், போயிட்டு வந்துடறேன் என்றாள்.

அத்தைக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அப்பனைக் கிடத்தி வைத்துவிட்டுப் பெண் குப்பை பொறுக்கப் போனாள் என்று காலத்துக்கும் சொல்வார்கள் என்றாள். நீ போய் என்ன செய்யப்போகிறாய், அங்கே ஆள் இல்லையா என்றாள். அண்ணன் வாசல்படியில் தோளைச் சாய்த்து நின்றிருந்தான்.

"மூட்டைய என்னாலதான் கண்டுபிடிக்க முடியும் அத்தே. என் முடிச்சு வேற."

அது உண்மை. ஊரெல்லாம் நீல மூட்டையை இறுக்கி முடிச்சுப் போட்டுக் கட்டுவார்கள். நாள் முழுக்க அந்த முடிச்சுகளோடு நகம் பேர்த்துக்கொள்கிறவள் என்பதால், இவள் மட்டும் ஒரு இழுப்புக்கு அவிழ்கிற மாதிரி சுருக்குப் போடுவாள். பிரிக்கிறவளுக்கு வசதியாக இருக்கட்டும் என்று. அந்த வசதியால்தான் அந்த மூட்டை எல்லாவற்றுக்கும் முன்னால் பிரிக்கப்படும் என்பது இப்போது அவளுக்கு உறைத்தது.

"ரெண்டு மணிக்கு வண்டி," என்றான் அண்ணன். "நாலு மணிக்குள்ள மயானத்துல முடிச்சாகணும். நீ வரலேன்னு வண்டி நிக்காது. இப்பவே சொல்லிட்டேன்."

"குருவி என் எடத்துல நிக்கறாண்ணே."

அவன் வேறு பக்கம் பார்த்தான். குருவியை அவனுக்குத் தெரியும். ஷெட்டில் காகிதப் பக்கம் நிற்கிறவள். சிறிய உடம்பு, ஓயாத வாய். நாலு மாதக் கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போன வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். காலையில் எட்டு மணிக்கே வந்து, அப்பாவின் காலைத் தொட்டுவிட்டு, இவளைக் கட்டிக்கொண்டு, உன் எடத்த நான் பாத்துக்கறேன், நீ எதையும் நெனைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனாள். காகிதப் பக்கத்தில் எதையும் கவிழ்த்து உதறுகிற வேலை இல்லை. புட்டிப் பக்கம் அவளுக்குப் புதிது.

பித்தானை அத்தையிடம் விட்டுவிட்டு அவள் கிளம்பினாள்.

ஷெட்டு நடந்து போனால் முக்கால் மணி. பாதி தூரம் ஓடினாள். தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காலித் தொட்டி கவிழ்ந்து கிடந்தது. ரொட்டிக்கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து, கேள்விப்பட்டேன் என்று ஆரம்பித்தார். அவள் தலையசைத்துவிட்டு ஓடினாள். காலையிலிருந்து அவள் அழவில்லை. அழ வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்ததும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அத்தை இரண்டு தடவை தண்ணீர் கொண்டு வந்து வைத்துக் காத்திருந்தாள்.

சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டிருந்தது. வெளியிலிருந்தே பெல்ட்டின் சத்தம் கேட்டது. உள்ளே நுழைந்ததும் அவள் பார்த்தது குருவியை. இவளுடைய இடத்தில், இவளுடைய மரப்பலகை மேல் ஏறி நின்றிருந்தாள். உயரம் போதாமல் பலகைக்கு மேல் இன்னொரு பலகை. கை வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. வாயும்.

பெல்ட்டை நிறுத்த ஒரு சிவப்புக் கயிறு உண்டு. அதைத் தொடுகிற உரிமை விசிலுக்கு மட்டும்தான். அவள் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

சத்தம் நின்றதும் எல்லோரும் திரும்பினார்கள். மேலே ஓட்டின் மேல் காக்கை நடக்கும் சத்தம்கூடக் கேட்டது. குருவிதான் முதலில் பேசினாள்.

"ஏண்டி, அப்பா செத்ததுக்குக்கூட உனக்கு லீவு எடுக்கத் தெரியாதா?"

"கைய எடு," என்றாள் அவள். "எல்லாரும் கைய எடுங்க. மேல தூக்குங்க."

பதினோரு பெண்கள். இருபத்திரண்டு கைகள் மேலே போயின. அவள் விஷயத்தைச் சொன்னாள். பார்த்து எடுங்கள் என்று மட்டும்தான் விசில் அவர்களிடம் சொல்லியிருந்தார். விசில் தன் அறையிலிருந்து வேகமாக வந்தவர் பாதியில் நின்றார். கயிற்றைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கையுறையைக் கழற்றிப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பெண்கள் ஒவ்வொருவராகக் கழற்றி, விரல்களை விரித்து, குழல்விளக்குக்குக் கீழே நீட்டிப் பார்த்தார்கள். வேர்வையில் ஊறி வெளுத்த உள்ளங்கைகள். பழைய கீறல்கள் நிறைய இருந்தன. புதியது ஒன்றும் இல்லை. குருவி கடைசியாகக் காட்டினாள். அவள் குருவியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். ரத்தம் வரவில்லை.

"கூசுதுடி," என்றாள் குருவி. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறு கையையும் நீட்டினாள்.

காலி மூட்டைகள் கொக்கியில் தொங்கின. மேலிருந்து ஆறாவதில் முடிச்சு கிழியாமல், சுருக்கு அப்படியே நெகிழ்ந்திருந்தது. அப்படியென்றால் கொட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு ஐந்து மூட்டைதான். இந்த நேரத்துக்குள் பெல்ட் எவ்வளவு ஓடியிருக்கும் என்று விசில் காலால் அளந்து சுண்ணாம்பால் கோடு போட்டார். இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவில்தான் என்றார். புட்டி கூண்டில் இருந்தது. குருவி அதைக் கூண்டில் போட்டிருந்தாள். கவிழ்த்து உதறவும் செய்திருந்தாள், சொல்லிக்கொடுத்தபடியே. ஏதோ கலகலவென்று விழுந்தது, பேனாவென்று நினைத்தேன் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் சிறுத்துவிட்டது.

இடுக்கி நான்கு இருந்தது. ஒரு தகர டப்பாவைக் கொண்டு வந்து நடுவில் வைத்தார்கள். ஒவ்வொரு தாளையும் நுனியில் பிடித்துத் தூக்கி, உதறாமல், தரையில் விரித்த துணியில் வைத்தார்கள். ஓர் ஊசி கிடைத்தால் கிடைத்தவள் எண்ணைச் சொல்லி டப்பாவில் போட வேண்டும். டங் என்று சத்தம் வரும். புட்டிக்குள்ளேயே பதினாலு மிச்சம் இருந்தது. பதினைந்து, பதினாறு என்று போனது. பெல்ட் பக்கத்தில் இவ்வளவு மெதுவாக யாரும் வேலை செய்து அவள் பார்த்ததில்லை. மூத்தவள் ஒருத்தி, உங்கப்பா இருந்தா இதப் பாத்துட்டு, இப்படித்தான் தெனமும் செய்யணும்னு சொல்லிட்டுப் போயிருப்பாரு என்றாள். யாரோ சிரித்தார்கள். அப்பாவை அங்கே எல்லோருக்கும் தெரியும். லாரியிலிருந்து இறங்காமலே பெண்களோடு வம்பு பேசுகிறவர்.

முப்பத்தாறு வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை.

"எத்தன இருக்கணும்?" என்றார் விசில்.

அவள் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஒன்றாம் தேதி ஆரம்பித்த புட்டி. இன்று பத்தொன்பது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. பதினெட்டு நாளுக்கு முப்பத்தாறு, இன்று காலைக்கு ஒன்று. முப்பத்தேழு.

மறுபடி தேடினார்கள். கோட்டுக்கு வெளியிலும் தேடினார்கள். பெல்ட்டுக்கு அடியில் அவளே படுத்துப் போய் விளக்கடித்துப் பார்த்தாள். மணி ஒன்றே முக்கால் ஆனது. அண்ணன் போன் செய்தான். வண்டி வந்துவிட்டது, எல்லோரும் நிற்கிறார்கள், எங்கே இருக்கிறாய் என்றான்.

"ஒண்ணு காணோம்ணே."

அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை மடக்கும் ஒலி மட்டும் கேட்டது. பிறகு தொடர்பு அறுந்தது.

விசில் மணியைப் பார்த்தார். ஒன்றுதானே, இன்று இந்த லோடை ஓரம் கட்டிவிடுகிறேன், நாளைக்கு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீ போ என்றார். மற்றவர்களும் போ போ என்றார்கள். ஒருத்தி அவள் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினாள். அவள் நகரவில்லை.

"எனக்குக் குத்துனதும் ஒண்ணுதான்."

அவள் மறுபடி மண்டி போட்டாள். காகிதக் குவியலை ஏற்கெனவே பார்த்திருந்தாள். அதையே மறுபடி ஒவ்வொரு தாளாக எடுத்தாள். கை சரியாக வேலை செய்தது. அவள் பார்த்துக்கொண்டுதான் எடுத்தாள். மணியை மட்டும் பார்க்கவில்லை.

குருவி அவள் பக்கத்தில் வந்து குந்தினாள். இடுக்கியால் ஒரு தாளைத் தூக்கினாள். வைத்தாள். இன்னொன்றைத் தூக்கினாள். பிறகு தாளைப் பார்த்தபடியே, தணிந்த குரலில் கேட்டாள்.

"இன்னைக்குக் காலைல ஊசி போட்டியா?"

"ஆமா" என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். ஆறு வருஷம். ஒரு காலைகூடத் தப்பவில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் எழுந்து போட்டிருக்கிறாள். இன்றும் எழுந்தாள். பெட்டியிலிருந்து ஊசியை எடுத்தாள். காகித உறையைப் பிரிப்பதற்கு முன்னால், எப்போதும் போல, அப்பா, கையக் காட்டுங்க என்றாள். இரண்டாம் தடவையும் சொன்னாள். பிறகு நெற்றியைத் தொட்டாள்.

உறையோடு அந்த ஊசியைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தது இப்போது நினைவுக்கு வந்தது. அது இன்னும் அங்கேதான் இருக்கும். அது இன்னும் குப்பையாகவில்லை.

"போடல," என்றாள்.

குருவி இடுக்கியைக் கீழே வைத்தாள். விசில் எதுவும் புரியாமல் இருவரையும் பார்த்தார். பிறகு புரிந்தது. தகர டப்பாவின் மூடியைச் சத்தம் வராமல் அழுத்தி மூடி, இதை ஆஸ்பத்திரிக்கு நானே கொண்டு போகிறேன் என்றார். அவள் கவிழ்ந்து கிடந்த ஒரு கூடை மேல் உட்கார்ந்தாள். கை இரண்டையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டாள். அவை எதையும் எடுக்கவில்லை, எதையும் திருகவில்லை. சும்மா இருந்தன.

கொஞ்ச நேரம் கழித்துக் குருவி அவளை எழுப்பிக் குழாயடிக்கு அழைத்துக்கொண்டு போனாள். சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்துவிட்டாள். தண்ணீர் ஊற்றினாள். தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி விரலிடுக்கையெல்லாம் துடைத்தாள். மணி இரண்டேகால். இந்நேரம் வண்டி தெருமுனையைத் தாண்டியிருக்கும். மயானத்துக்கு நேராகப் போய்விடுகிறேன், அங்கேயாவது பார்த்துவிடலாம் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் வாசலில் ஹாரன் கேட்டது.

ஷெட்டுக்கு ஒரே வாசல். உள்ளே வருகிற எந்த வண்டியும் முதலில் எடைமேடையில் ஏறித்தான் ஆக வேண்டும். இரண்டு பக்கமும் சுவர். ஒதுங்கிப் போக வழி இல்லை. அந்த வெள்ளை வண்டி மேடையில் ஏறி நின்றிருந்தது. பின்கதவு திறந்திருந்தது. அண்ணன் இறங்கி நின்றான். உள்ளே அத்தையும் இரண்டு சொந்தக்காரர்களும் அப்பாவுக்கு இரு பக்கமும் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தை கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"கெடச்சுதா?" என்றான் அண்ணன்.

"எல்லாம் இருக்குண்ணே."

அவன் தலையை ஆட்டினான். அவள் ஏறுவதற்குக் கை கொடுத்தான். ஈரக் கையைப் பற்றும்போது ஒரு கணம் அதைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு விட்டான்.

பெண்கள் வாசல்வரை வந்து வரிசையாக நின்றார்கள். கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகியிருந்தார்கள். விசில் தொப்பியைக் கழற்றினார். எடைக்காரரின் அறைக்கு மேல் பெரிய பலகையில் சிவப்பு எண்கள் எரிந்துகொண்டிருந்தன. இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது. இருபது வருஷம் அப்பாவின் லாரி ஏறிய மேடை. அவருடைய லாரியின் எடையைத் தினமும் சத்தம் போட்டுச் சொன்ன எடைக்காரர் இன்று அறையை விட்டு வெளியே வந்து நின்றிருந்தார்.

அவள் ஏறி அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள். அவள் பின்னால் அண்ணனும் ஏறினான். பலகையில் எண்கள் அலைந்தன. கூடின, குறைந்தன, மறுபடி கூடின. டிரைவர் என்ஜினைப் போட்டுவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். எடைக்காரர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். எண் அசையாமல் நின்ற பிறகு, எல்லா வண்டிகளுக்கும் காட்டுவதுபோலவே, போகலாம் என்று கையை உயர்த்தினார்.